வடசென்னையில் டிராமிசு: தோற்றமும் வளர்ச்சியும் முக்குதலும்

ஆய்வுச் சிக்கல்

அடுப்பில் வேகாமல், ஆவியில் அவியாமல், ஓவனுக்குள் போகாமல் ஒரு பலகாரம் பலகாரமாகுமா என்பது ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நிலப்பரப்பில் நெடுங்காலமாக யாராலும் விவாதிக்கப்படாமல் கிடந்த சிக்கலாகும். யாரும் விவாதிக்கவில்லை என்பதே இதற்கு ஆய்வுத் தகுதியைத் தருகிறது. விவாதிக்கப்பட்டவற்றில் எல்லாம் ஏற்கெனவே பிறர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

பொருள் இன்னதென்று முதலில் வரையறுப்போம். காபி டிகாக்‌ஷனில் முக்கிய பிஸ்கட் ஓர் அடுக்கு. முட்டை மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து மஸ்கார்போனே என்னும் பாலாடைப் பொருளில் கலந்த க்ரீம் ஓர் அடுக்கு. மறுபடி பிஸ்கட், மறுபடி க்ரீம். பிறகு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. எடுத்ததும் மேலே கோகோ தூள். இதுவே இத்தாலிக்காரர்களின் டிராமிசு. செய்முறை ஒரு மூச்சில் முடிந்துவிட்டதை வாசகர் கவனித்திருப்பார். ஓர் ஆய்வேட்டுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. ஆகவே இனிவரும் பக்கங்கள்.

ஆய்வு எல்லை

வடக்கே எண்ணூர் முகத்துவாரம். தெற்கே 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே யார் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறதோ அதுவரை. ரயிலுக்கும் டிராமிசுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் ஆய்வேடு எழுதிப் பார்க்காதவர்கள். தொடர்பில்லாத பக்கங்கள் இல்லாமல் ஏட்டுக்குத் தடிமன் வராது. தடிமன் இல்லாத ஏட்டைப் புறத்தேர்வாளர் கையில் தூக்கிப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆய்வு அணுகுமுறை

வரலாற்று முறை, ஒப்பீட்டு முறை, விளக்க முறை, பகுப்பாய்வு முறை ஆகிய நான்கும். எல்லா ஏடுகளிலும் இந்த நான்கும் இருக்கின்றன.

பெயர்க்காரணம்

இவ்வியல் வேண்டுமென்றே விடப்பட்டது. தமிழில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று ஒருவர் ‘திராமிசு’ ஆக்குவார்; அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு திருவொற்றியூர்த் தேரடியில் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கிருந்து மீட்டுக்கொண்டு வருவது பெரும்பாடு.

முன்னோடி ஆய்வுகள்

டிராமிசுவின் பிறப்பிடம் குறித்து இரு பெரும் பள்ளிகள் உள. ஒன்று திரெவீசோ பள்ளி. இத்தாலியின் வெனேதோ மாநிலத்தில் திரெவீசோ நகரத்து ‘லே பெக்கெரியே’ என்னும் ஓட்டலை நடத்திய அடோ காம்பேயோலின் மனைவி ஆல்பாவும், அங்கிருந்த இனிப்பு மாஸ்டர் ரொபெர்த்தோ லிங்குவானோத்தோவும் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் இதை மெனுவில் ஏற்றினார்கள் என்பது இவர்கள் கொள்கை. மற்றது ஃப்ரியூலி பள்ளி. பக்கத்து மாநிலத்துத் தொல்மெட்சோ என்னும் மலையூரில் நோர்மா பியெல்லி அம்மையார் தம் ஓட்டலில் 1950-களிலேயே இதைப் பரிமாறிவிட்டார் என்பது அவர்கள் கொள்கை. 2010-இல் இத்தாலியச் சமையல் அகாதமி திரெவீசோ செய்முறையை நோட்டரி முன்னிலையில் பதிந்தது. 2017-இல் அந்நாட்டு வேளாண் அமைச்சகமோ ஃப்ரியூலியின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் டிராமிசுவைச் சேர்த்தது. வெனேதோவின் அப்போதைய தலைவர் லூகா சாயா கொதித்துப்போனார்.

ஒப்பீட்டு முறையை எங்காவது பயன்படுத்தியாக வேண்டும். அதே 2017-இல்தான் இங்கே மேற்கு வங்கம் தன் ரசகுல்லாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கியது. ஒடிசா விடாமல் துரத்தி 2019-இல் தன் ரசகுல்லாவுக்கும் ஒன்று வாங்கியது. சர்க்கரை ஓர் அளவுக்கு மேல் போனால் வக்கீல் தேவைப்படும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பை நோட்டரி பண்ண நமக்கும் பாரிமுனை ஒன்றும் தூரமில்லை. ஆனால் யார் வீட்டுக் குழம்பைப் பதிவது என்று காசிமேட்டில் நின்று கேட்டுவிட்டு முழுசாக வீடு திரும்ப முடியாது. அதனால்தான் நம்மிடம் ஆவணங்கள் குறைவு.

பிள்ளை பெற்றுக் களைத்திருந்த ஆல்பாவுக்குத் தெம்பு வர மாமியார் கொடுத்த முட்டை–சர்க்கரை–காபிக் கலவையே டிராமிசுவுக்கு வித்திட்டது என்பது காம்பேயோல் குடும்பத்தார் சொல்லும் கதை. காசிமேட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பார்கள். பால் நன்றாகச் சுரக்கும் என்பது நம்பிக்கை. சுறாப்புட்டைக் காபியில் முக்காதது இப்பகுதியின் சமையல் வரலாற்றில் நிகழாமல் போன பெரிய திருப்பம். எதிர்வீட்டு அத்தைக்கு மட்டும் திரெவீசோ கதையில் நம்பிக்கையில்லை. “மாமியார்காரி கொட்த்தாளாமா? அம்மா கொட்த்ததுன்னு சொல்லு, நம்பறேன்” என்பது அவர் மறுப்பு (எதிர்வீட்டு அத்தை, மாடிப்படிச் சொற்பொழிவு, துணி உலர்த்தும் வேளை, மழை வந்ததால் முற்றுப்பெறவில்லை).

சென்னையில் மேலை இனிப்புக்குத் தொன்மை உண்டு என்றும் நிறுவ வேண்டும். 1910-இல் சென்னையில் விமானம் பறக்கவிட்டுக் காட்டிய டி ஏஞ்சலிஸ், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். அவர் ஓட்டலில் காபியில் நனைத்த பிஸ்கட் அடுக்கப்பட்டதாகச் சான்று இல்லை. சான்று இல்லாத இடத்தில் ‘இருந்திருக்கலாம் என எண்ண இடமுண்டு’ என்று எழுதுவது நம் மரபு. இருந்திருக்கலாம் என எண்ண இடமுண்டு.

மது

ரம், மர்சாலா முதலியன பிற்கால இடைச்செருகல். திரெவீசோ மூலத்தில் இல்லை. இது தொடர்பாக டாஸ்மாக்கிலிருந்து தரவு திரட்டித் தர முன்வந்த மாமாவுக்கு நன்றி.

முட்டை

நாமக்கல். பச்சையாகச் சேர்க்க அஞ்சுவோர், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் 70 டிகிரி சூடு வரும்வரை அடித்துக்கொண்டே இருக்கலாம். கவிச்சி அடங்கும், கையும் ஓயும். ‘அடுப்பில் வேகாமல்’ என்ற முதல் வரியோடு இது முரண்படுவதாகக் கருதுவோர், முரண்பாடு என்பதை நெகிழ்ச்சி என்று வாசிக்கவும்.

மஸ்கார்போனே

இது லோம்பார்டிப் பக்கத்துச் சரக்கு. டப்பாவைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் நம் பகுதியில் இதன் பரவலான பயன்பாடு. வீட்டிலேயே செய்ய, கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீமை இளந்தீயில் 85 டிகிரிக்குக் கொண்டுவந்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு, கரண்டியின் முதுகில் படியும்வரை கிளற வேண்டும். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வடியவிட வேண்டும். அந்த 85 டிகிரிச் சூட்டில்தான் வழக்கமாக வடிநீரோடு ஓடிப்போகும் புரதமும் இயல்பு மாறிக் கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. பன்னீர் மாதிரி உதிராமல் வழுவழுவென்று நிற்பதன் ரகசியம் அதுதான். இந்த நுண்மையெல்லாம் விளக்கிச் சொன்ன பிறகு, துணியை அவிழ்த்துப் பார்த்த எதிர்வீட்டு அத்தை, “திரிஞ்ச பாலுக்கு இம்மாம் பெரிய பேரா?” என்றார். முந்நூறு பக்க ஆய்வேடுகள் பலவற்றை இந்த ஒரு வாக்கியத்தால் மதிப்பிட்டுவிடலாம் என்பதால் இது இங்கே முழுமையாகப் பதிவு செய்யப்படுகிறது.

காபி

எஸ்பிரசோ மெஷின் வேண்டும் என்பவர்கள் இந்த ஆய்வு எல்லைக்குள் குடியிருப்பவர்கள் அல்லர். பித்தளை ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்‌ஷன் போதும். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. அவர்கள் எஸ்பிரசோவிலேயே நம் ஊர் ரொபஸ்டா கலந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. ஆக நாம் செய்வது நகலன்று, திருப்பி வாங்கிக்கொள்வது. சிக்கரி சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். பெரும்பான்மை ஒரு சதவீதத்தில் தொங்கும் கூட்டணி ஆட்சி அது. ஆனாலும் சிக்கரியின் லேசான கசப்பு க்ரீமின் திகட்டலை வெட்டுகிறது என்பது என் துணிபு.

முக்கியல்

இனி இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருவோம். டிராமிசு குறித்து எழுதிய மேலையறிஞர்கள் முட்டைக்கும் சீஸுக்கும் ஊருக்கும் அடித்துக்கொண்டார்களே தவிர, பிஸ்கட்டைக் காபியில் முக்குவது என்னும் மையச் செயலுக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்கவில்லை. ‘விரைந்து முக்கி எடுக்கவும்’ என்பார்கள். எவ்வளவு விரைந்து? எந்தக் கோணத்தில்? இந்தக் கேள்விகளுக்கு விடை திரெவீசோவில் இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து வாசல் டீக்கடையில் இருக்கிறது.

விடியலுக்கு முன்பே விசைப்படகுகள் வந்து ஏலம் களைகட்டும் இடம் அது. ஐஸ் பார் உடைக்கும் சத்தத்துக்கும் நண்டுக்கூடை இழுக்கும் சத்தத்துக்கும் நடுவே கடை ஓடும். கண்ணாடி ஜாடியில் பொறை இருக்கும். பொறையை அறியாதவர்களுக்கு: பன்னுக்கும் ரஸ்க்குக்கும் இடைப்பட்ட, காய்ந்த, பிடிவாதமான பொருள். தனியாகக் கடித்தால் பல் தோற்கும்; டீயில் முக்கினால் பொறை தோற்கும். அங்கே ஒருவர் பொறை தின்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கட்டைவிரலும் இரண்டு விரல்களும்தான் பிடிக்கும். சுண்டுவிரல் கிளாஸின் சூட்டுக்கு ஒதுங்கி நிற்கும். பொறை பாதிவரைதான் இறங்கும். எடுக்கும்போது மேலே தூக்கமாட்டார். வாய் கீழே இறங்கி வரும். சொட்டு ஒன்றுகூட லுங்கியில் விழாது. இத்தனையும் பக்கத்திலிருப்பவரோடு வஞ்சிர விலை பேசிக்கொண்டே.

இந்தக் கடையில்தான் முக்கியலின் மூலநூற்பா தோன்றியது. பொறையை டீக்குள் வைத்துவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் பொறை உடைந்து கிளாஸின் அடியில் விழுந்தபோது, டீ மாஸ்டர் திருவாய் மலர்ந்தது:

“முக்கு. எடு. ரோசன பண்ணாத.”

நூற்பா சிறியது. ஆனால் உரையில்லாமல் நூற்பாவை விட்டுவைப்பது நம் வழக்கமில்லை. நான்கு உரைகள் கிடைத்திருக்கின்றன.

முதலாவது கிரேன் உரை. உரைகாரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். ‘முக்கு’ என்றது சரக்கை ஊசலாடாமல் நேராக இறக்குதல்; ‘எடு’ என்றது இறக்கிய அதே கோட்டில் ஏற்றுதல்; ‘ரோசன பண்ணாத’ என்றது சரக்கு தொங்கிக்கொண்டிருக்கும்போது பீடி பற்றவைக்காதே என்றவாறு. எனவே பிஸ்கட் செங்குத்தாகவே இறங்க வேண்டும் என்று இவர் முடிக்கிறார் (கிரேன் பெரியவர், பெஞ்சு உரை, தென்கிழக்கு மூலை, மழைக்காலப் பதிப்பு).

இரண்டாவது அத்தை உரை. நூற்பா டீக்கு மட்டுமே உரியது, காபிக்கு ஆகாது என்பது இவர் கட்சி. டீ கொதிக்கும், டிராமிசுவுக்கான டிகாக்‌ஷன் ஆறியிருக்க வேண்டும். சூட்டுக்குச் சொன்ன விதியைக் குளிருக்குப் பொருத்துவது, ஆடிக்குச் சொன்ன பரிகாரத்தைத் தையில் செய்வதற்கு ஒப்பு (எதிர்வீட்டு அத்தை, அடுக்களை உரை, குக்கர் மூன்றாவது விசிலுக்கும் நான்காவதுக்கும் இடைப்பட்டது).

மூன்றாவது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் விருத்தியுரை. ‘ரோசன பண்ணாத’ என்பது முழுக்க இடைச்செருகல் என்பது இவர் வாதம். முதல் இரண்டு ஏவல்களும் உடம்பின் வினை, மூன்றாவது மனத்தின் வினை. ஒரே நூற்பாவில் இரண்டும் வாரா. மேலும் ‘எடு’ என்பது மூலத்தில் ‘எட்து’ என்றே ஒலித்ததாக இவர் பாடபேதம் காட்டுகிறார். இதற்கு ஆதாரமாக அவர் தருவது தம் கைப்பிரதியையே (ரேஷன் கார்டு நகலின் பின்பக்கம், கரையான் தின்றது போக எஞ்சிய பகுதி, வரி மூன்று, அதே வரிக்கு அவரே எழுதிய குறிப்பு, அந்தக் குறிப்பை அவரே மறுத்து மறுநாள் எழுதிய குறிப்பு, மூன்றையும் தொகுத்து அவர் தலைமையிலேயே நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கின் மலர்). கருத்தரங்கு பன்னாட்டுத் தன்மை பெற்றது, மலேசியாவிலிருந்து அவர் மருமகன் வீடியோவில் வந்து வணக்கம் சொன்னதால். மலருக்கு ஐஎஸ்பிஎன் எண் உண்டு. கட்டுரைக்குப் பணம் கட்டிய அனைவருக்கும் சான்றிதழ் உண்டு. கட்டாத டீ மாஸ்டருக்கு இல்லை.

நான்காவது உரை பொறியியல் மாணவர்களுடையது. இவர்கள் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். நேரம் பார்க்கும் கவனத்தில் பொறைகளை எடுக்க மறந்தார்கள். ‘ரோசன பண்ணாத’ என்பது இடைச்செருகல் அன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

மேலைநாட்டு உரையும் ஒன்று உண்டு. சத்தியமாக இதை நான் இட்டுக்கட்டவில்லை. லென் ஃபிஷர் என்னும் பிரிஸ்டல் இயற்பியலாளர் டீயில் பிஸ்கட் முக்குவதை முறைப்படி ஆராய்ந்து 1999-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதே ஆண்டு இயற்பியலுக்கான இக் நோபல் பரிசும் வாங்கினார். அவர் எடுத்துக்கொண்டது வாஷ்பர்ன் என்பவர் 1921-இல் தந்த சமன்பாடு: நுண்துளைகள் வழியே திரவம் ஏறும்போது, இரண்டு மடங்கு தூரம் ஏற நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். திரவம் பிசுபிசுப்பானால் மெதுவாக ஏறும்; சூடானால் பிசுபிசுப்பு குறைந்து விறுவிறுவென ஏறும். பிஸ்கட் உடைவது, மாவைப் பிடித்து நிறுத்தியிருந்த சர்க்கரை கரைந்து, ஸ்டார்ச் ஊதி இளகும்போது. தட்டையாகச் சாய்த்து முக்கினால், ஈரம் அடிப்பக்கத்திலிருந்து ஏறி மேல்பக்கத்தை எட்டுவதற்குள் எடுத்துவிடலாம். காய்ந்த மேல்பக்கம் பிஸ்கட்டைத் தாங்கிக்கொள்ளும் என்பது ஃபிஷரின் முடிவு.

இது வந்ததும் ராயபுரத்தில் முக்கியல் இரண்டாகப் பிளந்தது. செங்குத்தாக முக்குவோர் நின்றகோலத்தார். சாய்த்துப் படுக்கவைத்து முக்குவோர் கிடந்தகோலத்தார். கிரேன் பெரியவர் முன்னவர்களின் தலைவர். வெளிநாட்டுக்காரன் கண்டெய்னர் இறக்கிப் பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டான் என்பது அவர் மறுப்புரையின் சாரம். டிராமிசு ஒன்றைப் பொறுத்தவரை கிடந்தகோலத்தாருக்கே என் வாக்கு. கிண்ணத்தில் அடுக்கப்போகும் பிஸ்கட்டை நிற்கவைத்து நனைத்தால், ஒரு முனை கூழாகி மறுமுனை கட்டையாக இருக்கும்.

எது எவ்வளவு தாங்கும் என்பதும் இந்த இயலில் அடங்கும். இத்தாலிய சவோயார்தி பிஸ்கட் வெறும் காற்றும் முட்டையும்தான். தொட்டதும் எடுக்க வேண்டும். மேரி பிஸ்கட் மெல்லியது, அதற்கு நூற்பாவின் முதல் ஏவலே அதிகம். ரஸ்க் இரண்டு முறை சுட்டது. துளைகள் நிறைய, ஈரத்தைச் சட்டென்று இழுக்கும், ஆனால் சட்டென்று விழாது. விலைக்கும் சுவைக்கும் நம் வீடுகளுக்கு உகந்தது அதுவே. பொறையோ வெளியே களியாகியும் உள்ளே கல்லாகவே இருக்கும். பொறை டிராமிசு செய்வதானால் பொறையைக் குறுக்கே இரண்டாக அறுத்துக்கொள்ள வேண்டும். அறுக்கும் கத்தி காசிமேட்டில் வாங்கியதாக இருப்பது நலம்.

எதுவானாலும் நடுவில் மட்டும் கொஞ்சம் காய்ச்சல் இருக்கவேண்டும். ஃப்ரிட்ஜில் இருக்கும் இரவு முழுக்க டிகாக்‌ஷனும் க்ரீமின் ஈரமும் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். முன்பே முழுதாக ஊறியதை அடுக்கினால் காலையில் கிண்ணத்தின் அடியில் பழுப்புத் தண்ணீர் நிற்கும். டீ மாஸ்டர் இதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார். அதற்கான உரைகள் அச்சில் உள்ளன.

குளிர்நிலையியல்

பால்கொழுப்பு பக்கத்திலிருக்கும் வாடையையெல்லாம் தனதாக்கிக்கொள்ளும். மற்ற ஊர்களில் இது ஒரு சிறு குறிப்பு. இங்கே தலையாய பிரச்சினை. இந்தப் பகுதி ஃப்ரிட்ஜ் ஒன்றின் நடுத்தட்டை விவரிக்கிறேன்: இடப்பக்கம் மஞ்சளும் உப்பும் தடவிய வஞ்சிரத் துண்டுகள், எவர்சில்வர் டப்பாவில், மூடி சரியாகப் பொருந்தாதது. வலப்பக்கம் நேற்றைய நெத்திலிக் குழம்பு. அது இன்றைக்குத்தான் ருசி என்பதால் யாரும் எடுக்கவிடமாட்டார்கள். இவ்விரு வல்லரசுகளுக்கும் இடையே இத்தாலிக்கு ஓர் இரவு.

ஆகவே டிராமிசுவுக்கு ஏற்ற பருவம் எது என்று கணிக்க நேர்ந்தது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கரையில் மீன் வரத்து சுருங்கும். ஃப்ரிட்ஜ்கள் சைவம் பூணும். இதுவே டிராமிசுப் பருவம் என்று ஆய்வாளன் எழுதி முடித்து மை காய்வதற்குள் இரண்டு மறுப்புகள் எழுகின்றன. ஒன்று, அந்த 61 நாளில்தான் அக்னி நட்சத்திரமும் வரும். அடித்த க்ரீம் கிண்ணத்தை எட்டும் முன்னே மோராகும். இரண்டு, தடை விசைப்படகுக்குத்தானே தவிர நாட்டுப்படகுக்கு இல்லை. நெத்திலி தடைக்காலத்திலும் வரும். நெத்திலிக்கு ஆய்வு நெறிமுறை தெரியாது.

மின்வெட்டையும் சொல்லாமல் தீராது. 1970 முதல் 2017 வரை ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தது எண்ணூர் அனல்மின் நிலையம். அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் பிறக்கும் ஊரில் ‘மாதாந்திரப் பராமரிப்பு’ என்று பகல் முழுக்க ஃப்ரிட்ஜ் நிற்பது எப்படி என்பது பௌதிகத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அந்த நாளில் கைகொடுப்பது மீன் ஏற்றும் தெர்மாக்கோல் பெட்டியும் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வாங்கிய ஐஸ் பார் துண்டும்தான். குளிர் ஃப்ரிட்ஜைத் தோற்கடிக்கும். பெட்டி போன வாரம் எதைச் சுமந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவும்.

மேல்தூவல்

கடைசியாகத் தூவும் பழுப்புப் பொடிக்குப் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவே போதும். பரிமாறும் நேரத்தில்தான் தூவ வேண்டும். முன்கூட்டித் தூவினால் க்ரீமின் ஈரம் ஏறித் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும்.

ஆயினும் இப்பகுதியில் மேல்தூவலுக்கு ஆய்வாளன் உழைக்க வேண்டிய தேவை எப்போதுமே குறைவு. ராயபுரம், காசிமேடு மாடிகளில் வெள்ளை வேட்டியைக் காலையில் உலர்த்தி மாலையில் எடுத்தால், யாரோ சல்லடை வைத்துச் சீராகச் சலித்த மாதிரி கருந்தூள் படிந்திருந்த காலம் ஒன்று உண்டு. துறைமுகத்து நிலக்கரியின் கொடை அது. பல ஆண்டுப் புகாருக்குப் பின், நிலக்கரி போன்ற தூசிச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2011 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சரக்கு எண்ணூருக்குப் போனது. ராயபுரத் தூவல் மரபு அத்தோடு அறுந்தது. எண்ணூர்த் தூவல் மரபு அன்று முதல் இரட்டை வளம் பெற்றது. ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே கொசஸ்தலை ஆற்றில் தன் அடுக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் முகத்துவாரத்தில் படர்ந்தபோது, கீழே சேறு, அதன்மேல் சாம்பல், அதன்மேல் தண்ணீர், அதன்மேல் எண்ணெய் என்று அடுக்குப் பலகாரம் ஒன்று முழுமை பெற்றது. படகையும் வலையையும் கழுவ மீனவர்களுக்கு நெடுநாள் பிடித்தது. திரெவீசோவும் தொல்மெட்சோவும் இதற்கு மட்டும் உரிமை கோரவில்லை. நோட்டரியும் யாரும் தேடவில்லை. இங்குள்ள பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் எண்ணூர் குறித்த ஆய்வேடு கிடைக்குமா என்று தேடினால், சங்க இலக்கியத்தில் நெய்தல் திணை பற்றி அடுக்கடுக்காகக் கிடைக்கும். நெய்தல் நிலம் பஸ் ஏறினால் வந்துவிடும் என்பதுதான் இன்னும் மேற்கோளில் ஏறவில்லை.

வாய்மொழித் தேர்வு

ஆய்வேடு ரஸ்க், டிகாக்‌ஷன், வேட்டியில் வடித்த மஸ்கார்போனே ஆகியவற்றால் ஆகி, ஒரு பிரியாணி அலுமினிய டிரேயில் சமர்ப்பிக்கப்பட்டது. நெறியாளராகக் கிரேன் பெரியவர் அமர்ந்தார். புறத்தேர்வாளர் எதிர்வீட்டு அத்தை. எதிர்வீடு என்பதால் புறம் என்னும் தகுதி அவருக்கே. தமிழாசிரியர் சுகர் இருப்பதால் பார்வையாளராக மட்டும் இருப்பேன் என்றார். பிறகு பார்வையாளருக்கும் ஒரு கிண்ணம் வேண்டும் என்றார்.

கிரேன் பெரியவர் ஸ்பூனைச் செங்குத்தாக இறக்கி, ஊசலாடாமல் எடுத்து, கண்ணை மூடி மென்றார். கிடந்தகோலத்தில் நனைத்தது தெரிகிறது, ஆனாலும் பரவாயில்லை என்று குறிப்பு எழுதச் சொன்னார். அத்தை முதல் கிண்ணத்தை ஒன்றும் பேசாமல் முடித்தார். இரண்டாவது கிண்ணத்தின் பாதியில் கேள்வி தொடங்கியது.

“நல்லாத்தான் கீதுப்பா. ஆனா பல்லுக்கு ஒண்ணும் சிக்கலியே.”

மென்மையே இப்பண்டத்தின் இலக்கணம் என்று ஆய்வாளன் விளக்கினான். 2010-ஆம் ஆண்டு நோட்டரிப் பதிவைச் சுட்டிக்காட்டினான். அத்தை அதற்குள் உள்ளே போய் நேற்றைய காராபூந்திப் பொட்டலத்தோடு வந்து, கோகோவின் மேல் ஒரு கைப்பிடி தூவிவிட்டிருந்தார். தமிழாசிரியர் உடனே தம் பேனாவைத் தேடினார். காராபூந்தி மூலபாடமா இடைச்செருகலா என்பது குறித்து இரண்டாம் தொகுதி அச்சில் இருக்கிறது. முன்பதிவு செய்வோருக்குச் சான்றிதழ் உண்டு.